கையெழுத்துப்படி நூலாகும் வழி

மலைநாட்டுத் தமிழ் அச்சேறிய வரலாறு தேயிலை பரவுமுன்பே தொடங்கியதாகும். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்டு இரண்டாண்டுகளே கழிந்திருந்த வேளையில், அதாவது 1869இல், ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பி இலைநோய் இந்நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டிலேயாம். கோப்பி அழிந்தது, கும்மி எஞ்சிற்று. ஆயினும் அஃது உழைப்பாளர் பக்கம் நின்று பேசிய நூலன்று. தோட்டத் துரைமாரின் நோக்கையே அது பெரிதும் தழுவியதென்பதை மு. நித்தியானந்தன் தமது 'கூலித் தமிழ்' (2014) என்னும் நூலில் விரித்துக் காட்டியுள்ளார்.

இதனை ஈண்டு முதற்கண் எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அதே காலத்தில் அதே மலைச்சரிவுகளில் எத்தனையோ தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் பாடப்பட்டன. அவற்றுள் மிகப் பல பாடியவரோடு மறைந்தன. துரைமார் பக்கம் நின்ற பாட்டோ, அச்சேறிய ஒரே காரணத்தால், ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் ஆராய்வார் கைக்குக் கிடைக்கின்றது. அச்சு நியாய அநியாயம் பாராது; தன்னிடம் வந்து சேர்ந்ததைக் காக்கும், வாராததை விட்டுவிடும். எனவே, நம் பிள்ளைகள் எழுதுவனவற்றை அச்சிடத்தான் வேண்டுமா, கொப்பியில் இருந்தால் போதாதா என்று வினவுவோருக்கு யான் எப்பொழுதும் இந்தக் கும்மியையே சுட்டுவது வழக்கம்.

விழா மலர்க் குழுவினர், எழுத்தாளராக விழையும் மாணவர்க்கும் இளைஞர்க்கும் பயன்படக்கூடிய கட்டுரையொன்று வேண்டும் எனப் பணித்தனர். எழுதும் கலையைப் பற்றி எழுதுவது எளிது. அதற்கு நூல்கள் பல உள. எழுதி முடித்தபின் யாது செய்வது என்பதையே யாரும் சொல்லித் தருவதில்லை. ஆதலின் அதனையே ஈண்டு எடுத்துக்கொண்டேன்.

என்.எஸ்.எம். இராமையாவை அறியாத மலையக வாசகர் இரார். அவருடைய 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதை அறுபதுகளின் தொடக்கத்தில் 'தினகரன்' பத்திரிகையில் வெளிவந்தது. தோட்டத்துப் பெண்ணொருத்தியின் தன்மானத்தைக் கொழுந்துக் கூடையை வைத்தே சொல்லிய அக்கதை வந்த நாள் முதலாகப் பேசப்பட்டது. ஆனால், அக்கதையும் பிற கதைகளும் சேர்ந்து நூலாக வெளிவந்தது 1980ஆம் ஆண்டிலேதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! அதுவும் 'வைகறை' என்ற பெயரில் நித்தியானந்தன் முன்வந்து பதிப்பித்தமையால் நிகழ்ந்தது. அவ்வெளியீடு தோன்றாதிருப்பின், பழைய பத்திரிகைக் கோவைகளைப் புரட்டுவோர் கண்ணிலன்றி அக்கதை வேறெவர் கண்ணில் பட்டிருக்கும்? இராமையா 1990இல் மறைந்தார். தம் நூலைத் தம் கண்ணால் காண அவருக்குப் பத்தாண்டுகளே கிடைத்தன என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

அந்த இருபது ஆண்டு இடைவெளியைச் சுருக்குவது எங்ஙனம் என்பதே நம் வினா.

முதற்படி பத்திரிகையும் சஞ்சிகையுமே ஆகும். இன்றும் இதில் மாற்றமில்லை. 1930இல் தோன்றிய 'வீரகேசரி'யும் 1932இல் தோன்றிய 'தினகர'னும் இன்றுவரை வாரப் பதிப்புகளில் சிறுகதை, கவிதைகளுக்கு இடம் அளித்து வருகின்றன. தினகரனில் 1959 முதல் 1961 வரை ஆசிரியராயிருந்த க. கைலாசபதி, பெயர் அறியப்படாத இளைஞர் பலருக்கு வாயில் திறந்துவிட்டதை இலக்கிய வரலாறு கூறும். வீரகேசரியில் மலைநாட்டுப் பகுதியைக் கவனித்த எஸ்.எம். கார்மேகம் அப்பக்கத்தோடு நின்றுவிடவில்லை. மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் வாயிலாகச் சிறுகதைப் போட்டிகளும் நடைபெறச் செய்தார். அறுபதுகளில் நடந்த அப்போட்டிகளில் பரிசு பெற்ற பன்னிரண்டு கதைகள் 'கதைக்கனிகள்' என்ற பெயரில் 1971இல் நூலாயின. தெளிவத்தை ஜோசப் போன்றோர் இப்போட்டிகளின் வாயிலாகவே பரந்த வாசகர் முன் வந்தனர். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலை 1974இல் வீரகேசரியே நூலாக வெளியிட்டது. 'நாமிருக்கும் நாடே' என்னும் சிறுகதைத் தொகுதியை 1979இல் வைகறை வெளியிட்டது. 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. ஒரு போட்டி, அதன்பின் ஒரு பத்திரிகை, அதன்பின் ஒரு பதிப்பாளர் எனப் படிப்படியாக அமைந்த பாதை அது.

இப்பாதையில் ஒரு நுட்பம் உண்டு. எழுபதுகளில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையாலேயே உள்நாட்டு நாவல்களுக்கு வாசகர் கிடைத்தனர்; வீரகேசரிப் பிரசுரங்கள் செழித்தன. எழுத்தாளரின் திறமை மட்டும் நூலை உண்டாக்குவதில்லை; காலமும் கடையும் கூடிவர வேண்டும். இதை அறிந்தவர், தம் படைப்பு ஒருமுறை திருப்பியனுப்பப்பட்டதற்காக மனம் உடையார்.

சிற்றிதழ்களின் தொண்டு வேறு வகையானது. டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' நானூறு இதழ்களைக் கடந்து 2012வரை வந்தது. சிகை திருத்தும் நிலையத்தையே அலுவலகமாகக் கொண்டு, இதழைக் கையிற் சுமந்து வீதி வீதியாக விற்று அவர் அதனை நடத்தினார். மலையகத்திலோ, கண்டியிலிருந்து 'செய்தி', 'மலைமுரசு' ஆகியன அறுபதுகளில் வந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் 'தீர்த்தக்கரை' வந்தது. அந்தனி ஜீவாவின் 'கொழுந்து' வந்தது. இவற்றுட் பல நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும், ஓர் இதழ் ஐந்தாறு முறை வெளிவந்து நின்றுவிட்டாலும் அதற்குள் இரண்டு எழுத்தாளர் உருவாகியிருப்பர். அதுவே அதன் வெற்றி.

நம் ஊருக்கு மிக அண்மையிலுள்ள எடுத்துக்காட்டையும் கூறிவிடுகிறேன். புசல்லாவைத் தோட்டப் பகுதியில் வைத்தியராகப் பணியாற்றிய தி. ஞானசேகரன் எழுதிய 'குருதிமலை' என்னும் நாவல் 1979இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்து, சாகித்திய விருதும் பெற்றது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பாடநூலாகவும் வைக்கப்பட்டது. அவரே 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் கண்டியிலிருந்து 'ஞானம்' என்ற இலக்கிய மாத இதழைத் தொடங்கி, பின் கொழும்பிலிருந்தும் நடத்திப் புதியவர் பலருக்கு இடந்தந்தார். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனிற் பிறந்தவர், நம் தோட்டங்களில் மருந்து கொடுத்துக்கொண்டே, நம் மக்களின் நோயை நாவலாக எழுதினார். இவ்வூரில் இருந்துகொண்டு எழுதினால் எவர் பதிப்பிப்பார் என்று கேட்கும் மாணவர்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை. சற்று மேலே ஏறினால் லபுக்கலை. அங்கே தோட்டத் தொழிலாளியாக உழைத்துக்கொண்டே கவிதை எழுதியவர் குறிஞ்சித் தென்னவன். அவர் பேனாவைப் பிடித்த கை கவ்வாத்துக் கத்தியையும் பிடித்த கை.

இனி, அனுப்பும் முறையைப் பற்றிச் சில சொற்கள். ஓர் இதழுக்கு எழுதுமுன் அவ்விதழின் நாலைந்து இலக்கங்களையேனும் படிக்க வேண்டும். இது சிறு செய்தி போலத் தோன்றும். ஆனால் திரும்பி வரும் படைப்புகளுட் பெரும் பகுதி இடந்தவறிச் சென்றனவே. இரண்டு பக்கக் கதை வெளியிடும் வார இதழுக்கு இருபது பக்கக் கதையை அனுப்பிவிட்டு, ஆசிரியர் நம்மைப் புறக்கணித்தார் எனக் குறைப்படுவதில் பொருளில்லை. ஒரு படைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவதும் தகாது. இரண்டிலும் வெளிவந்தால் இரண்டு வாயில்களும் அடைபடும். மூன்று மாதம் வரை விடையில்லையாயின், பணிவான ஒரு மடலால் நினைவூட்டி, அதன்பின் வேறிடத்துக்கு அனுப்பலாம்.

இப்பொழுது பெரும்பாலான ஆசிரியர்கள் கணினியிற் பதித்து மின்னஞ்சலில் வரும் படைப்புகளையே விரும்புகின்றனர். இங்கே ஒரு தொல்லை உண்டு. நம் நகரத்துக் கணினி நிலையங்கள் பலவற்றில் இன்றும் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கின்றனர். அதனை யுனிக்கோட்டுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் சிதைவதும், கொம்பும் காலும் இடம் மாறுவதும் உண்டு. மாற்றியபின் ஒருமுறை முழுவதும் வாசித்துப் பாராமல் அனுப்புவோர், தாம் எழுதாத பிழைகளுக்கும் பழி ஏற்பர். எழுத்துப் பிழை தமிழாசிரியர்களின் வீண் கவலை என்று மாணவர் நினைப்பதுண்டு. பத்திரிகாசிரியர் முதல் வாக்கியத்தில் லகர ளகர மயக்கத்தைக் கண்டால், இரண்டாம் வாக்கியத்தைப் படிக்கும் ஆர்வம் குன்றிவிடும், அவரும் மனிதரே.

மொழியைப் பற்றி இதற்கு எதிர்ப்புறமான ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் மாணவர் கதை எழுதும்போது, தாயும் தந்தையும் பேசும் மொழியை நீக்கிவிட்டுப் பாடநூல் தமிழைப் பாத்திரங்களின் வாயில் வைக்கின்றனர். 'பெரட்டுக்களம்' என எழுத நாணி, 'தொழிலாளர் கூடுமிடம்' என எழுதுகின்றனர். லயம், காம்பரா, கவ்வாத்து, கைக்காசு, கொந்தரப்பு ஆகிய சொற்கள் வழுவல்ல. அவை இருநூறு ஆண்டு வாழ்வின் முத்திரைகள். வெளியூர் ஆசிரியருக்கு விளங்காது என்ற அச்சம் இருப்பின், கதையின் இறுதியில் ஐந்தாறு சொற்களுக்குப் பொருள் எழுதினால் போதும். கட்டுரையில் இலக்கணம் வேண்டும் என வற்புறுத்தும் யானே கதையில் இதனைச் சொல்வது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். கட்டுரை நாம் பேசுவது. கதை அவர்கள் பேசுவது.

பாடசாலை மாணவர்க்கு ஆண்டுதோறும் நடைபெறும் தமிழ்மொழித் தினப் போட்டிகள் நல்ல களமாகும். பாடசாலை, வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக உயரும் அப்போட்டிகளில் ஆக்கத்திறன் பிரிவுகளும் உள. ஆனால், பரிசு பெற்ற கதை என்ன ஆகின்றது? சான்றிதழ் சுவரில் தொங்குகின்றது. கதையோ போட்டி மண்டபத்து விடைத்தாளோடு போய்விடுகின்றது. போட்டியிலிருந்து வீடு திரும்பிய அன்றிரவே, நினைவிலிருக்கும்போதே, அக்கதையை மீண்டும் எழுதி வைக்குமாறு என் மாணவர்க்கு நான் கட்டளையிடுவதுண்டு. இரண்டாம் முறை எழுதும்போது அது பெரும்பாலும் திருந்தி அமையும்.

எழுதிய எதற்கும் ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். என்னிடம் பயின்ற ஒருவர் மூன்றாண்டுகள் கொப்பிகளில் எழுதிச் சேர்த்த கதைகள், ஒரு மழைக்காலத்தில் லயத்துக் கூரை ஒழுகி நனைந்தன. மை கரைந்து நீலமான தாள்களை அவர் வெயிலில் உலர்த்திக் கொண்டுவந்து காட்டினார். பதினாறு கதைகளில் நான்கே வாசிக்கக் கிடைத்தன. அவர் பின்னர் எழுதவில்லை. இப்பொழுது எல்லார் கையிலும் தொலைபேசி உள்ளது. எழுதிய பக்கங்களைப் படம் பிடித்து வைத்தலே போதும். இதற்குச் செலவு யாதுமில்லை.

அடுத்து நூல். தாமே பணமிட்டு நூல் வெளியிடுவது தாழ்வு என்று கருதுவார் உளர். தமிழ் அச்சு வரலாற்றை அறியாதவர் கூற்று அது. ஆறுமுக நாவலர் தமக்கென அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பம் பெற்று, வாங்குவதாக வாக்களித்தோரின் துணையைக் கொண்டே அப்பெருஞ்செலவைச் சமாளித்தார். பாரதியாரின் 'கண்ணன் பாட்டு' 1917இல் பரலி சு. நெல்லையப்பர் என்னும் இளைய நண்பரின் முயற்சியால் வெளிவந்தது. நம் மலைநாட்டிலும் கோ. நடேசையர் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அச்சிட்டுத் தோட்டங்களுக்குள் செலுத்தினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டுகள் எழுதி மேடைகளிற் பாடினார். வாய்ப்பாட்டுக் கவிஞர்கள் சிறு பாட்டுப் புத்தகங்களைப் பாடிப் பாடியே விற்றனர். தன் பொருளைத் தானே சந்தைக்குக் கொண்டுவரும் உழவனை எவரும் இழிவாகப் பேசுவதில்லையே.

எனினும், தனி மனிதர் ஒருவர் துணிந்தால் எத்துணை பெரிய காரியம் நிகழும் என்பதற்குத் துரை விஸ்வநாதனே சான்று. வணிகரான அவர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 'துரைவி' பதிப்பகத்தை நிறுவி, தெளிவத்தை ஜோசப்பைக் கொண்டு 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் இரு தொகுதிகளையும் 1997இல் வெளியிட்டார். பத்திரிகைகளிற் சிதறிக் கிடந்த மலைநாட்டுக் கதைகள் நூலுருவிற் காப்பாற்றப்பட்டன. மறு ஆண்டே அவர் காலமானார். இரண்டாண்டுக்குட்பட்ட பணி, அதன் பயனை இன்றும் பல்கலைக்கழக ஆய்வாளர் நுகர்கின்றனர். கண்டிப் பகுதியில், உடத்தலவின்னையிலிருந்து பி.எம். புன்னியாமீன் நடத்திய 'சிந்தனை வட்டம்' முந்நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை வெளியிட்டது; அவற்றுட் பல முதல் நூல்கள். அவரும் 2016இல் மறைந்தார். அந்தனி ஜீவாவின் மலையக வெளியீட்டகமும், சாரல் நாடனின் நூல் போன்றவற்றை வெளியிட்டுத் தன் பங்கை ஆற்றிற்று. இவ்வாறு தனி மனிதரைச் சார்ந்தே நம் பதிப்புத்துறை நின்றமையால், அவர் மறைந்ததும் வாயிலும் மூடிக்கொள்கின்றது. இதுவே மலையகத்தின் தீராத குறை.

சொந்த வெளியீட்டில் இறங்குவோர் அறியவேண்டுவன சில உள. எழுதியது எழுதிய கணமே ஆசிரியருக்கு உரிமையாகி விடுகின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிவு செய்யவேண்டிய தேவையில்லை. அவ்வுரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும், அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் நிலைக்கும். ஆதலின், பதிப்பாளர் நீட்டும் தாளில் கையொப்பமிடுமுன், எத்தனை பதிப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு, மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். கேட்பதற்கு நாணிப் பேரனுக்குரிய உரிமையை ஒரு தேநீர்ப் பொழுதிலே கொடுத்துவிடலாகாது.

சர்வதேச தராதர நூல் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையே வழங்குகின்றது. 978 என்பதன்பின் 955 அல்லது 624 என்று தொடர்வது இலங்கை நூலின் அடையாளம். இவ்வெண் இல்லாத நூலை அயல்நாட்டு நூலகங்கள் வாங்குவது கடினம். அட்டை அச்சாகுமுன்பே எண்ணைப் பெறல் வேண்டும். அச்சான பின்னர் எண்ணை ஒட்டுத்தாளில் ஒட்டிய நூல்களைப் பார்த்திருக்கின்றேன், அழகாயில்லை. நூல் வெளியிட வசதியற்ற எழுத்தாளர்க்குக் கையெழுத்துப்படி நிலையிலேயே உதவும் திட்டமும் அச்சபையிடம் உண்டு. தமிழ்ப் படைப்பாளிகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம். நம்மவர் அதனை அறிந்திருப்பது அரிது. காலந்தோறும் நிபந்தனைகள் மாறக்கூடுமாதலால், நேரே எழுதிக் கேட்டுப் பெறுவதே முறை. வேறொரு திட்டமும் குறிப்பிடத்தக்கது: சிங்கள நூல்களைப் பெரிதும் வெளியிடும் கொடகே நிறுவனம் தமிழ்க் கையெழுத்துப்படிகளையும் போட்டிக்கு ஏற்றுப் பரிசளித்து நூலாக்கியிருக்கின்றது.

எத்தனை படி அச்சிடுவது? முந்நூறு, மிஞ்சினால் ஐந்நூறு. ஆயிரம் அச்சிட்டால் ஒரு படிக்குரிய செலவு குறையும் என்று அச்சகத்தார் கூறுவது உண்மையே. ஆனால் விற்காத எழுநூறு படிகளை வைக்க வீட்டில் இடமிருக்கின்றதா என்று அவர் கேட்பதில்லை. இக்காலத்தில் ஐம்பது, நூறு படிகளும் கணினி முறையில் அச்சிட்டுக் கொள்ளலாம்; படி ஒன்றுக்கு விலை சற்றுக் கூடினும் மொத்த நட்டம் குறையும். கடைக்காரருக்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்பதையும் விலை குறிக்கும்போதே கணக்கிற் கொள்ளல் வேண்டும். ஒப்புநோக்கும் பணியை ஆசிரியர் தாமே செய்யலாகாது. தாம் எழுதியதைத் தாம் வாசிக்கும்போது கண் பிழையைத் தாண்டிச் சென்றுவிடும். நண்பர் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் அச்சுப்படியைப் பார்த்துவரும் பழைய முறையே இன்றும் சிறந்தது.

வெளியீட்டு விழா பற்றிச் சொல்லாது விடுதல் இயலாது. நம் நாட்டில் நூல் விற்பனையின் பெரும் பகுதி அந்த ஒரு மாலைப் பொழுதிலேயே முடிந்துவிடுகின்றது. முதற்பிரதி, சிறப்புப் பிரதி என அழைத்து, உறையில் அன்பளிப்புப் பெற்று, அச்சகக் கடனை அடைக்கும் இவ்வழக்கத்தைச் சிலர் எள்ளுவர். யான் எள்ளேன். அது சாமிநாதையர் வாங்கிய கையொப்பத்தின் இன்றைய வடிவமே. நான் வருந்துவது வேறொன்றுக்கு: மேடையில் வீற்றிருக்கும் எண்மரில் நூலைப் படித்தவர் எத்தனை பேர்? ஆய்வுரை நிகழ்த்த வேண்டியவருக்கு இரண்டு வாரம் முன்னரே படியைக் கொடுத்து, படித்தாரா என்று விசாரித்து அழையுங்கள். அவர் குறை கூறினாலும் கூறட்டும். பொன்னாடை மறந்துபோகும், நூலின் பதினேழாம் பக்கத்தைப் பற்றி ஒருவர் சொன்ன சொல் மறந்துபோகாது.

எச்சரிக்கை ஒன்றும் உரைத்தல் கடன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், நாடளாவிய கவிதைத் தொகுப்பு வெளியிடுவதாகக் கூறி, நம் பகுதி மாணவரிடம் பக்கத்துக்கு இவ்வளவு எனப் பணம் சேர்த்தார். சேர்ந்தவை பத்துப் பெற்றோரின் நாட்கூலிகள். தொகுப்பு வெளிவந்தது; ஆனால் பிழை மலிந்து, ஒரு மாணவியின் கவிதை வேறொருவர் பெயரில் அச்சாகி வந்தது. திருத்தம் கேட்டு எழுதிய மடல்களுக்கு விடையில்லை. படைப்பாளியிடம் பணம் கேட்கும் தொகுப்பு எதுவாயினும், அதற்குமுன் அவர் வெளியிட்ட நூலொன்றைக் கையிற் பெற்றுப் பார்த்தபின்னரே முடிவு செய்தல் வேண்டும். 'உலக சாதனை', 'சர்வதேச விருது' என்னும் சொற்கள் அழைப்பிதழில் மிகுந்திருப்பின், அங்கே இலக்கியம் குறைந்திருக்கும் என்றே நான் கொள்வேன்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாய் வேண்டுவது, படித்துப் பார்த்து உள்ளதை உள்ளவாறு சொல்லும் ஒரு சிறு வட்டம். ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த காலத்தில் ஒரு தலைமுறையே எழுத முனைந்தது. அவர் பாடத்தோடு நில்லாது மாணவரின் சிந்தனையையும் கிளறிவிட்டவர். அத்தகைய பேராசான் எல்லாப் பள்ளிக்கும் வாய்ப்பதில்லை. ஆனால், மாதம் ஒருமுறை ஐந்து பேர் கூடி, ஒருவர் வாசிக்க நால்வர் கேட்பது எந்தப் பள்ளியிலும் இயலும். வாசித்தவர் விளக்கம் கூறலாகாது என்னும் ஒரே விதி போதும். விளக்கினால்தான் விளங்கும் கதை அச்சிலும் விளங்காது. நூலோடு ஆசிரியர் வீடு வீடாகச் செல்ல முடியாதன்றோ.

பழைய மாணவப் பெருமக்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உள. கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் தாங்கள் ஊருக்கு வரும்போது கட்டடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் உதவுகிறீர்கள், நன்று. அதனோடு, நம் கல்லூரி மாணவர் ஒருவரின் நூல் வெளிவரும்போது, ஐம்பது பேர் முன்கூட்டியே ஒவ்வொரு படிக்குப் பெயர் கொடுத்தால் அச்சகத்தாருக்குரிய முற்பணம் சேர்ந்துவிடும். நன்கொடை வேண்டா, விலை கொடுத்து வாங்குவதே வேண்டும். நன்கொடை பெறும் எழுத்தாளன் நன்றி சொல்வான். விலைக்கு விற்பவன் அடுத்த நூலை எழுதுவான். மற்றொன்று, தங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அறுபது, எழுபதுகளில் தாங்கள் எழுதியனவோ, தங்கள் தந்தையார் எழுதியனவோ, கத்தரித்து ஒட்டிய பத்திரிகைத் துண்டுகளாக அங்கே கிடக்கக்கூடும். எழுதியவர் பெயர், பத்திரிகைப் பெயர், திகதி ஆகிய மூன்றும் இருந்தால் அவை ஆவணம். திகதி இல்லையேல் அரை ஆவணம்.

நூல் வெளிவந்தபின் அது சேரவேண்டிய இடங்களும் உள. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் படிகளை ஒப்படைக்கும் கடமை அச்சகத்தாருடையது; ஒப்படைத்தாரா என்று கேட்பது ஆசிரியர் கடமை. லண்டனிலிருந்து என். செல்வராஜா தொகுத்துவரும் 'நூல்தேட்டம்' 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக ஈழத்து நூல்களைப் பதிந்து வருகின்றது. அதிற் பெயர் இடம்பெறுவதற்கு ஒரு படி அனுப்பினால் போதும். கல்லூரி நூலகத்துக்கு ஒன்று, கண்டிப் பொது நூலகத்துக்கு ஒன்று, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஒன்று என ஒதுக்கி வைத்தபின்னரே விற்பனைப் படிகளை எண்ணுதல் நலம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் சேர்ப்பதற்கு, படியுடன் ஆசிரியரின் எழுத்துமூல இசைவும் வேண்டும். அவ்விசைவை நூல் அச்சாகும் நாளிலேயே எழுதி, கையொப்பமிட்டு, முதற்படியினுள் வைத்துவிடலாம்.